சந்தாதாரரின் மனைவி

ஒரு கல்லூரி வாசகர் வட்டத்தில் காவல்துறையும் பெண்களும் என்ற தலைப்பில் பேசப் போயிருந்தேன். வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். புகார் கொடுக்கப் போகிறவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, 'புருஷன்தானேம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ' என்று திருப்பி அனுப்பும் நிலையங்கள் பற்றி. பேசி முடித்ததும் பொருளாதாரம் படிக்கிற மாணவன் ஒருவன் எழுந்தான்.

"மேடம், நீங்க சொன்ன எல்லாப் பிரச்சினைக்கும் காரணம் ஒண்ணுதான். போலீஸ் ஒரு ஏகபோகம். வேற கடை கிடையாது. சரியா வேலை செய்யலைன்னா நாம வேற கம்பெனிக்கு மாறிக்க முடியணும். அரசே வேண்டாம். பாதுகாப்பையும் மத்த சேவை மாதிரி விலைக்கு வாங்கிக்கலாம்."

தெளிவாகப் பேசினான். இரண்டு மூன்று புத்தகங்கள் படித்திருந்தான். அவன் பேசியதில் எனக்கு வருத்தமில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "அவன் சொல்றது சரிதானே மேடம்? ஸ்டேஷனுக்குப் போய் நான் பட்டது போதும்" என்றாள். அதற்கு அன்றைக்கு என்னிடம் உருப்படியான பதில் இல்லை. நேரமாகிவிட்டது என்று சமாளித்து, பொன்னாடை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தக் கட்டுரை அவளுக்காக.

முதலில் அந்த மாணவனுக்கு நியாயம் செய்துவிடுகிறேன். அவன் சொன்னது அவன் கண்டுபிடித்ததல்ல. 1849இல் குஸ்தாவ் தெ மொலினாரி என்ற பெல்ஜியப் பொருளாதார அறிஞர் பாரீஸிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில் இதை எழுதினார். ரொட்டியையும் துணியையும் போட்டிச் சந்தை மலிவாகத் தருகிறது என்றால் பாதுகாப்பை மட்டும் ஏன் ஒரே கடையில் வாங்க வேண்டும் என்று கேட்டார். 1973இல் அமெரிக்காவில் மர்ரே ரோத்பார்டும் டேவிட் ஃபிரீட்மனும் ஆளுக்கொரு புத்தகத்தில் அதை முழுத் திட்டமாக்கினார்கள். ஃபிரீட்மனின் புத்தகத்தில் வரும் உதாரணம் இது: என் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி திருடு போகிறது. நான் சந்தா கட்டும் பாதுகாப்பு நிறுவனம் திருடனைக் கண்டுபிடிக்கிறது. அவனும் ஒரு நிறுவனத்துக்குச் சந்தா கட்டுகிறான். இரண்டு நிறுவனங்களும் சண்டை போட்டால் இரண்டுக்கும் நஷ்டம். ஆகவே முன்கூட்டியே பேசிவைத்த ஒரு நடுவரிடம் போகிறார்கள். நடுவர் சொல்லும் தீர்ப்பை ஏற்கிறார்கள். இப்படி எந்த அரசும் இல்லாமல் காவல், நீதிமன்றம், சட்டம் எல்லாமே சந்தையில் உருவாகிவிடும்.

படிக்கும்போது நேர்த்தியாகத்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், உலகத்தில் திருடு போகிற பொருளெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டியாக இருந்து, திருடனெல்லாம் வெளியிலிருந்தே வருவானானால், இந்தத் திட்டத்தைப் பரிசீலிக்கலாம்.

இனி என் வீட்டுக் கதை. சென்னையின் தெற்கே, பெரிய சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தேன். அங்கே அரசு என்று ஒன்று இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் லாரியில் வரும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர், குப்பைக்குத் தனி ஒப்பந்தம், காவலுக்குத் தனி நிறுவனம். வாசலில் இரும்புத் தடுப்பு, நோட்டு, கேமரா. அந்த மாணவன் கனவு காணும் உலகத்தின் மாதிரி வீடு என்றே சொல்லலாம். வேலைக்கு வரும் பெண்கள் மாலையில் திரும்பும்போது பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அவர்களுக்கு லிஃப்ட் தனி. பாதுகாப்பு அங்கே மிக நன்றாக வேலை செய்தது.

ஓர் இரவு, மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும், எங்கள் மாடியில் எதிர் வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. பாத்திரம் விழுந்த சத்தம் முதலில். பிறகு உடம்பு சுவரில் மோதும் சத்தம். அந்தச் சத்தத்தைப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் வாசல் காவலருக்குப் போன் செய்தேன். அவர் மேலே வந்தார். விழுப்புரம் பக்கத்து மனிதர், வயது அறுபதை ஒட்டியிருக்கும், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். மூடிய கதவின் முன்னால் நின்றார். மணியில் கை வைக்கவில்லை. என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"அது ஓனர் வீடும்மா. நான் எப்படிம்மா தட்டுறது?"

நான்தான் தட்டினேன். கதவு திறக்கவில்லை, சத்தம் நின்றது. அடுத்த நாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். குடும்ப விவகாரங்களில் வாடகைதாரர்கள் தலையிட வேண்டாம், பாதுகாப்பு ஊழியர்களை அவர்களது பணி அல்லாத வேலைகளுக்கு அழைக்க வேண்டாம் என்று.

அந்தக் காவலர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. தன் வேலையின் இலக்கணத்தை எந்தப் பேராசிரியரையும்விடச் சுருக்கமாக அவர் சொல்லிவிட்டார். அவருக்குச் சம்பளம் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து வருகிறது. கட்டணத்தை ஓனர் கட்டுகிறார். ஓனரின் வீட்டை வெளியாளிடமிருந்து காப்பதே அவர் வேலை. ஓனரிடமிருந்து ஓனரின் மனைவியைக் காப்பதற்கு யாரும் பணம் கட்டவில்லை.

தனியார் காவல் பற்றிய முழு விவாதமும் எனக்கு அந்தக் கதவுக்கு முன்னால் முடிந்துவிட்டது. சந்தாதாரர் யார் என்பது ஒன்றுதான் கேள்வி. இந்தியாவில் பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் அவளுக்குத் தெரிந்தவன் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், திருமணமான தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் திருடன் சுவரேறிக் குதிப்பதில்லை. அவனிடம் சாவி இருக்கிறது. சந்தா ரசீதும் அவன் பெயரில்தான் இருக்கிறது.

'அவளும் தனியாகச் சந்தா கட்டிக்கொள்ளட்டுமே' என்பார்கள். கட்டலாம். எதிலிருந்து? வீட்டில் அவள் செய்யும் வேலைக்குக் கூலி கிடையாது. சம்பளத்துக்குப் போகிறவளின் ஏடிஎம் அட்டை யார் சட்டைப் பையில் இருக்கிறது என்பதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது. ஃபிரீட்மன் ஓர் அழகான வாதம் வைக்கிறார். தன்னைச் சுதந்திரமாக விடும்படி கேட்பவன், அவனைக் கட்டுப்படுத்த நினைப்பவர்களைவிட அதிக விலை கொடுக்கத் தயாராக இருப்பான். ஆகவே சந்தையில் விளையும் சட்டம் சுதந்திரத்தின் பக்கமே சாயும் என்கிறார். அவர் மனதில் இருந்தவன் போதை மருந்து உட்கொள்ளும் ஒரு வளர்ந்த ஆண். அவன் பையில் பணம் இருக்கிறது. ஒரு பதினேழு வயதுப் பெண்ணையும் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவைத்திருக்கிற அப்பாவையும் அதே ஏலத்தில் நிறுத்திப் பாருங்கள். அவளிடம் இருப்பது விருப்பம். அவரிடம் இருப்பது நாலு ஏக்கர்.

ரோத்பார்ட் இன்னும் ஒரு படி மேலே போனவர். 1982இல் வந்த அவர் புத்தகத்தில் குழந்தைகள் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. பெற்றோர் குழந்தையைத் தாக்கக் கூடாது, ஆனால் அதற்குச் சோறு போட வேண்டும் என்று சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அதில் வாதிடுகிறார். வளர்ப்பு உரிமையை விற்று வாங்கும் சந்தை இருந்தால் நல்லது என்கிறார். பால் கொடுத்த அனுபவமுள்ள யாராவது அந்தக் கையெழுத்துப் பிரதியை அச்சுக்கு முன் படித்திருக்கலாம்.

சரி, இவையெல்லாம் காகிதத்தில் இருப்பவை. நடந்து பார்த்த இடம் உண்டா? உண்டு. அவர்களே காட்டும் இடம் ஐஸ்லாந்து. 930இல் ஆல்திங் என்ற பேரவையைக் கூட்டியதிலிருந்து 1262க்குப் பிறகு நோர்வே அரசனுக்குப் பணியும்வரை அந்தத் தீவில் அரசனும் இல்லை, நிர்வாகமும் இல்லை, போலீஸும் இல்லை. கோதி என்ற தலைவர்கள் இருந்தார்கள். ஒரு சுதந்திர விவசாயி தான் எந்தக் கோதியின் ஆள் என்பதைத் தானே தேர்ந்தெடுக்கலாம், பிடிக்கவில்லையென்றால் மாறிக்கொள்ளலாம். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும், நிறைவேற்றுவது வழக்குத் தொடுத்தவன் பாடு. கொலைக்கு ஈட்டுத்தொகை. ஏழைக்குத் தன் வழக்கை நடத்தத் தெம்பில்லையென்றால் பலசாலி ஒருவனுக்கு அதை மாற்றிக் கொடுக்கலாம். 1979இல் ஃபிரீட்மன் இதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். நம்ம மாணவன் அதைப் படித்திருப்பான்.

அவன் எயிர்பிக்யா சாகாவையும் படித்திருக்கலாம். அதில் ஆர்ன்கெல் என்ற கோதி கொல்லப்படுகிறான். வழக்குத் தொடுக்கும் உரிமை அவனுடைய வாரிசுகளுக்கு. வாரிசுகள் பெண்கள். வழக்குக்குப் பின்னால் ஆள்பலம் திரளவில்லை. அத்தனை பெரிய தலைவனைக் கொன்றதற்கு ஒரே ஒருவன் மூன்று வருடம் நாடு கடத்தப்பட்டதோடு விஷயம் முடிந்தது. பெரிய மனிதர்களுக்கு வெட்கமாகிவிட்டது. என்ன செய்தார்கள்? இனிமேல் கொலை வழக்கை எந்தப் பெண்ணும், பதினாறு வயது நிரம்பாத எந்த ஆணும் தொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பெண்ணுக்குப் பின்னால் ஏன் ஆள் சேரவில்லை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவளிடமிருந்து வழக்கையே பிடுங்கிக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது.

அந்தக் காலத்துச் சட்டத் தொகுப்பின் பெயர் கிராகாஸ். ஒருவன் மனைவி, மகள், தாய், சகோதரி, வளர்ப்பு மகள், வளர்ப்புத் தாய் ஆகிய ஆறு பெண்களில் யாரையாவது இன்னொருவன் தொட்டுக் கையும் களவுமாகப் பிடிபட்டால் அவனை அங்கேயே கொல்லலாம் என்று அதில் ஒரு விதி. பெண்களுக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று வியக்காதீர்கள். ஆறு பெண்களையும் அடையாளப்படுத்துவது ஓர் ஆணின் உறவு. கொல்லும் உரிமை அவனுடையது. அவளுக்கு அவன்மேல் விருப்பமா, அவன் பலாத்காரம் செய்தானா என்பது அவனுக்கு எதிரான வழக்கின் மையமே அல்ல. மாடு மேய்ந்த வயலைப் போல, கெட்டுப்போனது சொந்தக்காரனின் உடைமை.

ஐஸ்லாந்து ஆயிரம் வருடப் பழசு என்றால் சோமாலியாவுக்கு வாருங்கள். 1991 ஜனவரியில் சியாத் பர்ரேயின் ஆட்சி விழுந்த பிறகு அங்கே பல ஆண்டுகள் மைய அரசு என்று எதுவும் இயங்கவில்லை. அரசு இருந்த காலத்தைவிட அரசில்லாத சோமாலியா பல அளவைகளில் மேல் என்று பொருளாதார அறிஞர் பீட்டர் லீசன் 2007இல் எழுதினார். பர்ரேயின் கொடுங்கோல் ஆட்சியோடு ஒப்பிட்டால் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கும். அங்கே சட்டத்தின் வேலையைச் செய்தது ஹேர் என்ற வழக்காறு. ஒவ்வொருவரும் ஒரு மக் குழுவில் உறுப்பினர். ஒருவன் இன்னொரு குழுவின் ஆளைக் கொன்றால் இவன் குழு முழுவதும் சேர்ந்து ஒட்டகங்களில் ஈடு கட்டும். அதாவது காப்பீடும் காவலும் ஒன்றான அமைப்பு, சந்தைவாதிகள் கனவு கண்டது போலவே. ஆணின் உயிருக்கு நூறு ஒட்டகம், பெண்ணின் உயிருக்கு ஐம்பது என்பது அங்கே வழக்கமான விலை. முடிவு செய்யும் மரத்தடியில் உட்கார்வது ஆண் மூத்தோர். அவளுக்காக ஓர் ஆண் உறவினன் பேசுவான். அவளை ஒருவன் வன்புணர்ந்தால் ஈடு அவள் குடும்பத்துக்குப் போகும், பல சமயம் அவனுக்கே அவளைக் கட்டிவைத்து இரு குழுக்களும் சமாதானமாகும். இரண்டு குழுக்களுக்கு இடையே ரத்தப்பகை தீர ஒரு பெண்ணையே ஈடாகக் கொடுப்பதும் உண்டு.

நிறுவனங்கள் சண்டையைத் தவிர்ப்பார்கள், பேசித் தீர்ப்பார்கள் என்கிறான் அந்த மாணவன். உண்மைதான், பேசித்தான் தீர்த்தார்கள். பேச்சில் கைமாறியது அவள்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. மதுரை, நெல்லைச் சீமைகளில் காவல்கூலி என்ற முறை இருந்தது. ஊர் ஆண்டுதோறும் காவல்காரர்களுக்குப் பணமாகவோ தானியமாகவோ கூலி கொடுக்கும். மாடு களவு போனால் காவல்காரர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இதற்குப் பக்கத்திலேயே துப்புக்கூலி என்ற இன்னொரு வார்த்தையும் வளர்ந்தது. களவு போன மாடு எங்கே நிற்கிறது என்று துப்புச் சொல்வதற்கான கூலி. துப்புச் சொல்பவனுக்குத் துப்பு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. இது ஒரு சாதியின் குணம் என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்தான், அது பொய். போலீஸ் இல்லாத லண்டனிலும் இதேதான் நடந்தது. திருட்டுப் பொருளை மீட்டுத் தரும் தொழிலில் கொடிகட்டிப் பறந்த ஜொனாதன் வைல்டு என்பவன்தான் திருடர் கூட்டத்தையும் நடத்தினான். 1725இல் அவனைத் தூக்கில் போட்டார்கள். பாதுகாப்பு விற்கிறவனுக்குப் பயம் மூலதனம். அதில் கள்ளர் என்ன, ஆங்கிலேயர் என்ன?

காவல்கூலியை ஒழித்த அரசு அந்த மக்களைக் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தியது. 3.4.1920 அன்று பெருங்காமநல்லூரில் அது சுட்டதில் செத்தவர்களில் மாயாக்காள் என்ற பெண்ணும் உண்டு. அதை மறந்துவிட்டு அரசுக்குக் குடை பிடிக்க நான் வரவில்லை.

பெரிய முதலாளிகளின் தனிப்படைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம், ஊரறிந்த கதை அது. 1892 ஜூலையில் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலைத் தொழிலாளர்கள்மேல் பிங்கர்டன் நிறுவனத்தின் 300 ஆட்கள் படகில் வந்து இறங்கினார்கள். 1914 ஏப்ரலில் கொலராடோவின் லட்லோவில் சுரங்கத் தொழிலாளரின் கூடார ஊரை எரித்தபோது, ஒரு கூடாரத்துக்கு அடியில் பள்ளம் தோண்டி ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சுத் திணறிச் செத்தார்கள். எரித்தவர்களில் பலர் மாநிலக் காவல்படையின் சீருடைக்குள் இருந்த கம்பெனி ஆட்கள். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று நாற்பத்து நான்கு பேர் குடிசைக்குள் வெந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்த வட்டாரத்து நிலச்சுவான்தார்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது, அடியாட்கள் இருந்தார்கள். உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இங்கேதான் அந்த மாணவியின் முகம் எனக்கு மறுபடி தெரிகிறது. 'நீங்களே சொல்றீங்க. அரசும் அதைத்தானே செய்யுது?'

ஆமாம், செய்கிறது. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஓர் ஆதிவாசிச் சிறுமியைக் காவல் நிலையத்துக்குள் வைத்தே போலீஸ்காரர்கள் சீரழித்தார்கள். மதுரா வழக்கு என்று நாம் அறிந்த அந்த வழக்கில், அவள் உடம்பில் காயமில்லை, கத்தவில்லை என்று 1978இல் உச்ச நீதிமன்றமே அவர்களை விடுவித்தது. 1992 ஜூனில் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஓர் ஊரையே சூறையாடின. பதினெட்டுப் பெண்கள் வன்புணரப்பட்டார்கள். அதே 1992இல்தான் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்தார்கள். வரலாற்றுக்குக் கிண்டல் அதிகம். மனைவியைக் கணவன் வன்புணர்ந்தால் அது வன்புணர்வு ஆகாது என்ற விதிவிலக்கை 2023இல் எழுதிய புதிய சட்டத்திலும் அப்படியே பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறார்கள். வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்களே 14 சதவீதம்தான். அவர்களிலும் போலீஸிடம் போனவர்கள் சொற்பம். நீ பட்டது எனக்குத் தெரியும் பெண்ணே.

ஆனால் வாச்சாத்தியை இன்னொரு முறை பார். அந்தப் பெண்கள் ஊர் திரும்பி, ஆதிவாசி அமைப்புகளும் மாதர் சங்கமும் இடதுசாரித் தோழர்களும் துணை நிற்க, வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. அன்றைக்கு எந்த அதிகாரி எந்தப் பணியில் இருந்தான், எந்த வண்டி எங்கிருந்து புறப்பட்டது என்பதெல்லாம் அரசின் ஏட்டில் இருந்தது, அந்த ஏடு நீதிமன்றத்துக்கு வந்தது. 2011 செப்டம்பரில் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருடம். கேவலமான தாமதம் அது. ஆனாலும் எழுதப் படிக்கத் தெரியாத, காசில்லாத பெண்கள் சீருடை போட்ட 269 பேரைக் கூண்டில் ஏற்ற முடிந்தது எதனால்? அந்தச் சீருடை அவர்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று காகிதத்திலாவது இருந்ததால். ஒரு பாதுகாப்பு நிறுவனம் அதே ஊரை அடித்து நொறுக்கியிருந்தால், அவர்கள் அதன் வாடிக்கையாளர்களே இல்லை. நிறுவனம் எந்த நடுவரிடம் போக ஒப்புக்கொள்ளும்? போகாவிட்டால் அதற்கு என்ன நஷ்டம்?

மதுரா தீர்ப்புக்குப் பிறகு நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. சந்தையில் ஒரு சேவை பிடிக்கவில்லையென்றால் கடை மாறலாம். கடை மாறக் காசில்லாதவள் செய்ய முடிகிற ஒரே காரியம் கடையின் முன்னால் உட்கார்ந்து கத்துவது. அப்படிக் கத்த ஒரு பொது வாசல் வேண்டும்.

'பாதுகாப்பு' என்ற சொல்லே நம் வீடுகளில் என்ன பொருளில் புழங்குகிறது? பெண்ணைப் பாதுகாப்பாக வளர்த்தோம் என்றால் அவள் யாரோடும் போய்விடாமல் பார்த்துக்கொண்டோம் என்று அர்த்தம். பாதுகாப்பு விலைக்கு வந்தால் முதலில் வரிசையில் நிற்கப்போவது யார்? மகளைப் பெற்ற அப்பாக்களும் மாமாக்களும் சாதிச் சங்கங்களும்தான். ஓடிப்போன பெண்ணைத் தேடிப் பிடித்து வருவது நல்ல வரும்படியுள்ள சேவையாக இருக்கும். 13.3.2016 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தின் அருகே, பட்டப்பகலில், கேமரா பார்த்துக்கொண்டிருக்க, சங்கரை வெட்டியவர்கள் கூலிக்கு வந்தவர்கள். அதுவும் ஒரு ஒப்பந்தம்தான். கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம், அதை நசுக்கி ஒழிக்க வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சொன்னது. சந்தைவாதியின் அகராதியில் அதே கட்டப்பஞ்சாயத்துக்குப் பெயர் தனியார் நடுவர் மன்றம்.

மகளைக் காணவில்லை என்று பெற்றோர் ஆட்கொணர்வு மனுப் போடுவதையும், போலீஸ் அந்தப் பெண்ணைத் துரத்திப் பிடிப்பதையும் நான் நீதிமன்றத் தாழ்வாரத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அரசையும் அப்பாக்கள் வாடகைக்கு எடுக்கத்தான் பார்க்கிறார்கள். ஆனால் கடைசியில் அவள் நீதிபதியின் முன் நின்று, 'எனக்குப் பத்தொன்பது வயசாகுது, என் விருப்பத்துலதான் போனேன்' என்று சொல்கிறாள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவளைத் தொட முடிவதில்லை, குறைந்தபட்சம் அந்த வளாகத்துக்குள். அந்த வாக்கியத்துக்குப் பலம் வருவது, கேட்டுக்கொண்டிருப்பவருக்குச் சம்பளம் அவள் அப்பா கொடுக்காததால்.

அரசு வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் சந்தாப் புத்தகத்தோடு வருகிறவர்கள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எம்மா கோல்ட்மன் அரசை வெறுத்தார், அதே மூச்சில் தனிச்சொத்தையும் திருமணத்தையும் வெறுத்தார். அந்த வரிசை முக்கியம். 2011 ஏப்ரல் 15 விடிகாலையில் மெக்சிகோவின் செரான் என்ற புரெபெச்சா பழங்குடி ஊரில், காட்டை வெட்டிக் கடத்தும் ஆயுதக் கும்பலின் லாரிகளைப் பெண்கள் கல்லோடும் கட்டையோடும் மறித்தார்கள். கும்பலோடு கூட்டுச் சேர்ந்திருந்த போலீஸையும் அரசியல்வாதிகளையும் ஊரைவிட்டு விரட்டினார்கள். தெருமுனைதோறும் நெருப்பு மூட்டி, இரவெல்லாம் சுற்றி உட்கார்ந்து சோறாக்கிப் பேசி ஊரை நடத்தினார்கள். இன்றும் ஊரார் தேர்ந்தெடுக்கும் ரோந்துப் படைதான் அங்கே காவல். எனக்கு அந்த ஊரைப் பற்றிப் படிக்கப் பிடிக்கும். அந்த நெருப்பின் முன்னால் உட்காரச் சந்தா எண் கேட்கவில்லை. அந்த நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைக் கணவன் அடித்தால் என்ன நடக்கும் என்றும் நான் கேட்பேன், அதை எந்த ஊரைப் பற்றியும் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் அங்கே கேட்கவாவது ஓர் இடம் இருக்கிறது.

எதிர் வீட்டுப் பெண் நான்கு மாதம் கழித்துக் குழந்தையோடு வெளியேறினாள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டாள். முதலில் போன காவல் நிலையத்தில் அவளுக்குக் கிடைத்ததும் அனுசரிப்பு உபதேசம்தான். ஒரு வழக்கறிஞர் தோழி எடுத்து நடத்தினாள். சாட்சிக்கு நான் இருந்தேன். கூடவே அந்த இரவின் கேமரா பதிவும் வாசல் நோட்டும் வேண்டும் என்று சங்கத்துக்கு எழுதினோம். பதிவு பதினைந்து நாளில் தானாக அழிந்துவிடும் என்று பதில் வந்தது. நோட்டு உறுப்பினர்களின் சொத்து, அதை வெளியாருக்குத் தர இயலாது என்றார்கள். அவள் அங்கே ஏழு வருடம் குடியிருந்தவள். உறுப்பினர் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

மாஜிஸ்திரேட் சம்மன் அனுப்பிய பிறகு நோட்டு வந்தது. நீல மை, கோணல் எழுத்து. அந்தத் தேதியில் பெரியவர் இரண்டு வரி எழுதியிருந்தார்: '12.40. ஏழாவது மாடி சத்தம். பெண் அழுகை. போனேன். ஓனர் வீடு.'